துணைக்கு யார்?

பினாங்கு
4 மார்ச் 2025

அன்புள்ள பிரமிளா அக்காவுக்கு,

போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே சண்டையாகிவிடுகிறது. அதனால்தான் மின்னஞ்சல். நீ கேட்ட விலையை விசாரித்துவிட்டேன்.

பிறை ஊரில் இருக்கும் எங்கள் தொழிற்சாலைக்கு ஒரு பம்ப் வாங்குவதென்றாலும் மூன்று இடத்தில் விலை கேட்டாக வேண்டும். உன் கர்ப்பப்பையை எடுப்பதற்கும் அப்படியே கேட்டேன். இங்கே தனியார் மருத்துவமனையில் இருபத்திரண்டாயிரம் வெள்ளி சொல்கிறார்கள். சென்னையில் ஒன்பதாயிரம், டிக்கெட்டும் தங்குவதும் தனி. உன் பெர்த்தில் தனியாரிடம் போனால் நம் காசுக்கு ஐம்பதாயிரம். ஆனால் ஆஸ்திரேலிய அரசாங்க ஆஸ்பத்திரியில் உனக்கு இலவசம். காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். கட்டி புற்று இல்லை, அவசரமும் இல்லை என்று டாக்டரே சொல்லிவிட்டாரே. ஆகவே அங்கேயே செய்துகொள். இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

இங்கே விலை கேட்கப் போன இடத்தில் இந்தோனேசியா மேடானிலிருந்து வைத்தியத்துக்கு வந்த கூட்டம். ஒரு நோயாளிக்கு ஆறு பேர், பையும் தலையணையுமாக. கவுண்டரில் இருந்தது நம் தமிழ்ப் பெண்தான்.

"பேஷண்ட் யாரு, வைஃபா?" என்றாள்.

"அக்கா."

"கூட யாரு இருப்பா?"

"நான் ரேட்டு கேக்கத்தான் வந்தேன்லா" என்றேன். ஒரு மாதிரி பார்த்தாள்.

பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் முடித்து, பாலத்தில் மோட்டார் சைக்கிளை ஓட்டி வந்து இதை எழுதுகிறேன். கண் சொருகுகிறது.

தம்பி
கோகிலன்


பெர்த்
9 மார்ச் 2025

அன்புத் தம்பிக்கு,

நலமா? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? அக்காவுக்கு இப்படிப் பச்சையாக எழுதியதைப் பார்த்தால் அம்மா உன் தலையில் குட்டியிருப்பாள். பரவாயில்லை. பம்ப் மாதிரிதான், கெட்டுப்போனால் கழற்ற வேண்டியதுதான்.

இரத்தம் ரொம்பக் குறைந்துவிட்டதாம். வேலையிடத்தில் மாடிப்படி ஏறும்போது பாதியிலேயே உட்கார்ந்துவிடுகிறேன். நேற்று நர்ஸ் ஒரு படிவம் தந்தாள். ஆபரேஷன் முடிந்ததும் வீட்டுக்குக் கூட்டிப் போகிறவர் பெயர் கேட்டிருந்தது. சிவநேசன் என்னை விட்டுப் பிரிந்த பிறகு, இந்தக் கேள்வி வரும் இடத்திலெல்லாம் கை நின்றுவிடுகிறது. பக்கத்து வீட்டுக்காரி பெயரை எழுதினேன். அவள் வீடு மாறப்போகிறாள் என்பது ஞாபகம் வந்து அடித்துவிட்டேன்.

அம்மாவுக்கு ஆபரேஷன் ஆனபோது நான் வந்து விரால் சூப் வைத்துக் கொடுத்தேனே, நினைவிருக்கிறதா? காயம் ஆற அந்த ஹருவான் மீன்தான் வேண்டும் என்று அம்மா ஒரே அடம். நீ மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடுவாய். மீன் பசாரில் இன்னும் உயிரோடு விற்கிறார்களா? என் அறை எப்படி இருக்கிறது? சும்மா கேட்டேன்.

மழையில் மோட்டார் ஓட்டாதே.

அக்கா
பிரமிளா


பினாங்கு
15 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஹருவான் விற்கிறார்கள். ஆனால் உனக்கு மீன் எதற்கு? "இப்பல்லாம் அது மாத்திரையா வருதுலா, யாரு உக்காந்து மீன் வெட்டுறது?" என்கிறாள் என்னோடு வேலை செய்யும் நோர்மா. ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன்.

வீட்டுக்குக் கூட்டிப் போக, கூட இருந்து பார்த்துக்கொள்ள, மணிக்கணக்கில் ஆள் அனுப்பும் கம்பெனி உன் ஊரிலேயே இருக்கிறது. இணைப்பு கீழே. மாத்திரை, ஆள், டாக்சி எல்லாம் சேர்த்தாலும் நீ இங்கே வந்து செய்துகொள்ளும் செலவில் பாதிகூட வராது. வந்தால் சம்பளமில்லா லீவு வேறு.

உன் அறையில் என் பழைய சைக்கிள், அம்மாவின் சக்கர நாற்காலி, பெட்டிகள். கதவு முழுசாகத் திறக்காது.

இதைவிடத் தெளிவாக எழுத எனக்குத் தெரியாது. ஏதாவது புரியவில்லை என்றால் கேள்.

கோகிலன்


பெர்த்
24 மார்ச் 2025

தம்பிக்கு,

மாத்திரை வந்து சேர்ந்தது. யாரோ வர முடியாது என்று சொல்லிவிட்டார்களாம், என் முறை முன்னால் வந்துவிட்டது. ஏப்ரல் 28. நீ சொன்ன கம்பெனியிலேயே ஆள் பேசிவிட்டேன். உன் கணக்கில் ஒரு தப்பும் இல்லை.

ஒன்றே ஒன்று சொல்கிறேன், சண்டைக்கு இல்லை. அம்மா இருந்தவரை நான் யாரையும் கேட்காமல் வந்து நிற்பேன். இப்போது அது உன் வீடு. கூடப்பிறந்தவன் வா என்று கூப்பிடாமல் நான் எப்படிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் நிற்பது? வரட்டுமா என்று கேட்க வாய் வரவில்லை. அதனால் விலை கேட்டேன்.

இனி எதையும் விசாரிக்க வேண்டாம். களைப்பாக இருக்கிறது.

பிரமிளா


பினாங்கு
6 ஏப்ரல் 2025

அக்கா,

இத்தனை நாள் பதில் எழுதாததற்குக் காரணம் கோபம். வரட்டுமா என்று ஒரு வரி எழுதியிருந்தால் நான் ஏன் ஊர் ஊராக விலை கேட்டுக்கொண்டு அலைகிறேன்? அப்புறம் அந்தக் கவுண்டர் பெண் பார்த்த பார்வை ஞாபகத்துக்கு வந்தது. கூட யார் இருப்பா என்று என்னிடம் கேட்டதைத்தான் அங்கே நர்ஸ் உன்னிடம் கேட்டிருக்கிறாள். நானும் உன்னைப்போல அந்த இடத்தை அடித்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.

ஆபரேஷன் அங்கேயே நடக்கட்டும். கணக்கு கணக்குதான், அதில் நான் மாறமாட்டேன். ஆனால் 26ஆம் தேதி நான் பெர்த்துக்கு வருகிறேன். லீவு போட்டாயிற்று. அந்த மணிக்கணக்கு ஆளை வேண்டாம் என்று சொல்லிவிடு. படிவத்தில் நீ அடித்த இடத்துக்கு மேலே என் பெயரை எழுது. நீ விமானம் ஏறலாம் என்று டாக்டர் சொல்லும்வரை உன் சோபாவில் படுத்துக்கொள்கிறேன். பிறகு நானே கூட்டிக்கொண்டு வருவேன். டிக்கெட்டுக்கு வேறு எங்கும் விலை கேட்கவில்லை. முதலில் கிடைத்ததை வாங்கிவிட்டேன்.

சைக்கிளை விற்றுவிட்டேன். அம்மாவின் நாற்காலியைக் கீழ்வீட்டு சுப்பையா மாமாவுக்குக் கொடுத்துவிட்டேன். அறைக் கதவு இப்போது முழுசாகத் திறக்கிறது.

நேற்று பசாரில் ஒரு ஹருவான் வாங்கினேன். வீட்டுக்கு வந்ததும் வாளியிலிருந்து துள்ளி சமையலறை முழுக்க ஓடியது. பிடித்து, திரும்ப மீன்காரரிடமே கொண்டுபோனேன். "வெட்டணுமான்னு மொதல்லயே கேட்டேனே தம்பி, நீங்கதான் எல்லாம் தெரிஞ்ச மாதிரி போனீங்க" என்று சிரித்துக்கொண்டே வெட்டிக் கொடுத்தார். சூப் வைத்தேன். சகிக்கவில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு நானே குடித்து முடித்தேன். இஞ்சி அதிகமா, கொதித்தது போதாதா, தெரியவில்லை.

எப்படி வைப்பது என்று எழுதி அனுப்பாதே. இங்கே அடுப்புக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, என்னைத் திட்டிக்கொண்டே சொல்.

வா.

கோகிலன்