மூக்குத்தி பக்கம் மாறிய அட்டைப்படம்

ஐப்பசி 2, செவ்வாய்

தூறல். அம்பத்தூர் ஏரி மேல் மேகம் படுத்துக் கிடந்தது. ரயிலில் ஜன்னலோரம், பாதித் தூக்கம்.

ஆபீசில் ஆசிரியர் பழைய இதழ்களை மேஜையில் பரப்பியிருந்தார். அட்டையில் முதலில் வெறும் எழுத்து, சுற்றிலும் கொடி பார்டர். அப்புறம் கட்டத்துக்குள் சரஸ்வதி, கீழே பொருளடக்கம். அப்புறம் அடியேன் வரைந்தவை: முழுப் பக்கம், மூன்று வர்ணம், வாரம் ஒரு சாமி.

"சாமி போதும் ஐயா. வீட்டுப் பெண் ஒருத்தியைப் போடும். பார்க்கிறவனுக்கு நம்ம வீடுன்னு தோணணும்" என்றார். யுத்தத்தால் மை தட்டுப்பாடு. இரண்டே வர்ணம்.

என் வீட்டில் பெண் இல்லை. செங்கமலம் கோபித்துக்கொண்டு வேப்பம்பட்டு போய் ஒரு மாதம். பிறந்த வீடு. கிளம்பும்போது சொன்னது: "நாள் பூரா லட்சுமி மூக்கையே பாத்துகினு கீறீங்களே, என் மூஞ்சி எப்டி கீதுன்னு தெரியுமா உங்களுக்கு?"

ஐப்பசி 4, வியாழன்

லீவு. அவளையே வரைந்தேன், நினைவிலிருந்து. கிணற்றடி, ஈரத் தலை. புருவம் தானாக வந்தது. மூக்குத்தி வலது மூக்கில். கன்னத்து மச்சம் எந்தப் பக்கம்? முருகனுக்கு எத்தனை கை என்றால் தூக்கத்தில் சொல்வேன். அரை நாள் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன். வெட்கம். கடைசியில் இடது.

வாங்க வேண்டியது: சிவப்பு மை, மெல்லிய பிரஷ், புளி.

ஐப்பசி 12, வெள்ளி

இதழ் வந்தது. போச்சு. படத்தை அச்சுக்கு பிளாக் செய்தவர் நெகடிவைத் திருப்பி வைத்துவிட்டார். மூக்குத்தி இடப்பக்கம், மச்சம் வலப்பக்கம், முந்தானை வலது தோளில். "எந்த ஊர்க் கட்டு ஐயா இது?" ஆபீஸ் முழுக்கச் சிரிப்பு.

வேப்பம்பட்டு ஸ்டேஷன் கடையிலும் இதழ் தொங்கும். இனி வரவே மாட்டாள்.

ஐப்பசி 14, ஞாயிறு

மழை விட்டு மஞ்சள் வெயில். வாசலில் அவள் அண்ணன், கையில் இதழ். "இன்னா மாப்ளே, தங்கச்சி மாதிரியும் கீது, இல்லாத மாதிரியும் கீது. ஊட்ல எல்லாரும் தப்புன்றாங்க."

பின்னால் செங்கமலம், தகரப் பெட்டியோடு. இதழை வாங்கிப் பார்த்தாள்.

"இன்னா தப்பு? தெனம் கண்ணாடில நான் பாக்குற மூஞ்சி இதான்."

பிளாக் கதை வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டேன். பெட்டியை வாங்கிக்கொண்டு, நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தேன்.

மச்சம் இடது கன்னத்தில்தான்.