அமாவாசையன்று லாரி ஓடலாமா

14 ஜூன் 1971, திங்கள்

இன்று ஒன்றரை முழம் நெய்தோம். தறியில் அப்பா நடுவில் உட்காருவார், நான் ஓரமாக உட்கார்ந்து கரை நூல் சுற்றிய நாடாவைத் தள்ளுவேன். கரையைத் தனியாகக் கோத்து நெய்யும் கோர்வைச் சேலைக்கு இரண்டு ஆள் வேண்டும். எட்டாம் வகுப்போடு என்னைப் பள்ளியிலிருந்து நிறுத்தியது அதற்குத்தான். அதற்குப் பதிலாக ஒவ்வொரு சேலைக்கும் என் பங்கென்று அப்பா ஒரு தொகையை எடுத்து வைப்பார். என் சங்கிலிக்கு.

மத்தியானம் நாடாவிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்: "குழலி, சங்கிலி இப்பவே வேணுமா? இல்ல, அந்தப் பணத்தை ஒரு லாரியில போடலாமா?"

விளையாட்டு என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் சைக்கிள் ஓட்டக்கூட ஒருவருக்கும் தெரியாது. ஆனால் நிஜம்தான். தென்னேரி முருகேசன் மாமா ஏழு வருஷமாக ஓட்டும் வண்டியை அதன் சொந்தக்காரர் விற்கிறாராம். "வண்டி நல்லா இருக்குதுண்ணே, நீங்க வாங்குங்க, நான் ஓட்டறேன்" என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். சேலை வாங்குகிறவர் பணம் எப்போது தருவாரோ என்று காத்திருக்காமல், தறிக்கு வெளியே ஒரு வருமானம் வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. அம்மா வளையலைத் தருகிறாள்.

தலையை மட்டும் ஆட்டினேன். ஆனால் இதை எழுதி வைக்க வேண்டும்: என்னைக் கேட்டார். பள்ளியை விட்டு நிறுத்தியபோது யாரும் கேட்கவில்லை.

25 ஜூன், வெள்ளி

லாரி வந்துவிட்டது! பிள்ளையார்பாளையத்துச் சந்துக்குள் நுழையவில்லை, தெருமுனையில் நிற்கிறது. அப்பா அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். இஞ்சினைத் திறந்து காட்டியபோது ஒன்றும் புரியாமல் "ம், ம்" என்றார். கடைசியில் தார்ப்பாயின் ஓரத்தைப் பிடித்து இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்து, "நெசவு அழுத்தம்தான்" என்றார். முருகேசன் மாமா சிரித்துவிட்டார்.

எதிர்வீட்டுச் சம்பூர்ணம் அக்கா அப்பாவைத் தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்: "ஓட்டத் தெரியாத வீட்டுக்கு லாரியா? பஞ்சாட்சரம் அண்ணன் இன்னா, நாடா போட்டுத் தள்ளுவாரா?"

நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். பின் சக்கரம் என் மார்பு உயரம். அதில் எவ்வளவு என்னுடையது?

5 ஜூலை

ஏனாத்தூர்க் காய்கறி வியாபாரி ஆதிகேசவன் தன் சரக்கை ஏற்றத் தந்துவிட்டார். சாயங்காலம் ஏற்றி, விடிவதற்குள் மெட்ராஸ் கொத்தவால் சாவடிச் சந்தையில் இறக்க வேண்டும். தினமும்!

21 ஜூலை, புதன்

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. இன்று முருகேசன் மாமா கிளம்பும்போது அப்பா தடுத்துவிட்டார்.

நாளை ஆடி அமாவாசை. அமாவாசையில் எங்கள் தெருவில் ஒரு தறியும் ஓடாது. "தறி நிக்கிற அன்னிக்கு சக்கரமும் நிக்கணும். ரெண்டும் நம்ம தொழில்தான்" என்றார் அப்பா.

"அண்ணே, நாளைக்குத்தாண்ணே ஊரே காய் வாங்கும். வீட்டுக்கு வீடு படையல். வாழைக்கா மட்டும் நாப்பது மூட்டை கட்டி வெச்சிருக்காங்க."

"நாளான்னிக்குக் கொண்டு போ."

அமாவாசை முடிந்த பிறகு அவ்வளவு வாழைக்காயை யார் வாங்குவார்கள்? இதைக் கேட்கக்கூட என்னால் முடியவில்லை. உள்ளே போய்த் தறியில் உட்கார்ந்துகொண்டேன். வெளியாள் யார் வந்தாலும் நான் அங்கேதான்.

24 ஜூலை

ஆதிகேசவன் வந்து சத்தம் போட்டார். "வாழைக்கா மொத்தமும் பழுத்துக்கினு கெடக்குது பஞ்சாட்சரம்! லாரிக்கும் உபவாசமா? டீசலுக்குப் பதிலா தீர்த்தம் ஊத்தினீங்களா? இன்னொரு அமாவாசைக்கு நிறுத்தினா நான் வேற வண்டி பாத்துக்குவேன், சொல்லிட்டேன்."

அவர் சரக்கு போய்விட்டால் வண்டியை விற்றுவிட வேண்டியதுதான் என்று அம்மா சொல்கிறாள். அப்பா மாறவில்லை.

8 ஆகஸ்ட், ஞாயிறு

தென்னேரியில் இன்று முருகேசன் மாமாவின் ஊர் அம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாள். நேற்று வந்து லீவு கேட்டார். "அமாவாசை இல்லையேப்பா, வண்டி ஏன் நிக்கணும்?" என்றார் அப்பா. மாமா அப்பாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு "சரிண்ணே" என்று போய் வண்டியை எடுத்தார்.

அந்தப் பார்வை மனசைவிட்டுப் போகவில்லை.

13 ஆகஸ்ட்

நாட்காட்டிப் பக்கமே திரும்பக் கூடாது என்று இருக்கிறேன். இருபதாம் தேதித் தாளில் அமாவாசையின் கறுப்பு வட்டம்.

19 ஆகஸ்ட், வியாழன்

எழுத்து கோணலாக வருகிறது, பரவாயில்லை.

சாயங்காலம் லாரி மூட்டைகளோடு தெருமுனையில் நின்றது. ஆதிகேசவனே கூட வந்துவிட்டார். முருகேசன் மாமா வாசலில். அப்பா "முடியாது" என்றார்.

"அப்ப இதான் கடைசி" என்றார் ஆதிகேசவன். "மூட்டையை எறக்கி வையுங்க. செங்கல்பட்டுக்காரன் வண்டிக்குச் சொல்லி அனுப்பறேன்."

முருகேசன் மாமா கயிற்றை அவிழ்க்கத் திரும்பினார். ஏழு வருஷமாக ஓட்டிய வண்டி. நான் தறியில் இருந்தேன். எப்படி எழுந்தேன், எப்படி வாசலுக்கு வந்தேன் — தெரியவில்லை. மூன்று ஆண்கள் நிற்கிறார்கள், நான் நடுவில்.

"அப்பா, அமாவாசைக்குத் தறி ஏன் நிக்குது?"

"இது இன்னாம்மா கேள்வி? நெய்யறவனுக்கு அன்னிக்கு ஓய்வு. எங்கப்பா காலத்துலேருந்து."

"நெய்யறவங்களுக்குத்தானே? வண்டியை நாம ஓட்டலையே. மாமாதானே ஓட்டறாங்க. அவங்க ஊர்ல கூழ் ஊத்தின அன்னிக்கு வண்டி ஓடிச்சி. நம்ம தறி நிக்கிற அன்னிக்கு நிக்குது. யாரு ஓட்டறாங்களோ அவங்களுக்குத்தானேப்பா ஓய்வு?"

தெருவில் எங்கேயோ ஒரு தறி மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. அப்பா கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் முருகேசன் மாமாவையே பார்த்தார்.

"அன்னிக்குக் கூழ் குடிச்சியாப்பா?"

"இல்லண்ணே. திரும்பி வர்றதுக்குள்ள பானை காலி."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். பிறகு உள்ளே போய் நாட்காட்டியைக் கொண்டு வந்து அவரிடம் நீட்டினார். "உனக்கு எந்த எந்த நாள் வண்டி நிக்கணும்னு குறிச்சிக் குடு. அன்னிக்கு எடுக்க வேணாம். மத்த நாளு... நீயே பாத்துக்க."

ஆதிகேசவன் என்னைப் பார்த்து, "இந்தப் பொண்ணு இத்தினி நாளா எங்க இருந்துது?" என்றார். நான் உள்ளே ஓடி வந்துவிட்டேன்.

20 ஆகஸ்ட்

மூட்டை ஒன்றுகூட மிச்சமில்லையாம். சாவடியில் அடித்துப் பிடித்து வாங்கினார்களாம்.

29 ஆகஸ்ட்

முருகேசன் மாமா குறித்துக் கொடுத்தது வருஷத்துக்கு மொத்தம் நான்கே நாள். ஒன்று அவர் மகளின் பிறந்தநாள். அப்பா அதையே திரும்பத் திரும்பப் பார்த்தார். ஆதிகேசவன் வாலாஜாபாத் சரக்கையும் எங்கள் வண்டிக்கே தருகிறேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

19 செப்டம்பர், ஞாயிறு. மகாளய அமாவாசை

தறி நின்றது. அப்பா வீட்டில் இல்லை. "நாளைக்கு எனக்கு வேலை கெடையாது, நம்ம வண்டி எங்கதான் போவுதுன்னு பாத்துக்கினு வர்றேன்" என்று நேற்றே லாரியில் ஏறிப் போய்விட்டார்.

காலை பத்து மணிக்கு வந்தார். தலையெல்லாம் புழுதி, தோளில் ஒரு பை வாழைக்காய். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. சாவடியைப் பற்றி நிறுத்தாமல் பேசினார். சம்பூர்ணம் அக்காவும் வந்து நின்று கேட்டாள்.

"மண்டிக்காரர் கேட்டாரு, இன்னாபா மொதலாளியே வந்துட்டாரான்னு. நான் சொன்னேன், போட்ட மொதல்ல என் பொண்ணோட சங்கிலியும் இருக்குதுங்க. இன்னிக்கு இந்த வண்டி இங்க வந்து நிக்கறதே அவ பேசினதுனாலதான். ஏலவார்குழலின்னு பேரு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வேறு நாளாக இருந்தால் தறிக்குள் போய் உட்கார்ந்திருப்பேன். அமாவாசை, தறியில் உட்கார முடியாது. அங்கேயே நின்றேன்.

"இன்னாடி மொதலாளி" என்றாள் சம்பூர்ணம் அக்கா, "படையலுக்கு எனக்கு ரெண்டு வாழைக்கா குடேன்."

"நாலா எடுத்துக்குங்கக்கா" என்றேன். தெருவுக்கே கேட்டிருக்கும்.