டோரத்தியின் பண்ணைக்கு வைத்த நேர்த்தி

கொட்டாஞ்சேனை,
கொழும்பு 13.
2020 ஆவணி.

அன்பு மகன் வினோதனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்க நானும் அப்பாவும் தங்கச்சி ஆரணியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறம், அமெரிக்காவில உனக்கும் ஒரு வருத்தமும் வரக்கூடாதெண்டு நாளும் பொழுதும் கும்பிடுறன். கோல் எடுக்காமல் ஏன் கடிதம் எண்டு கேப்பாய். வீடியோவில கதைக்கேக்க அந்தப் பண்ணைக்கார டோரத்தியும் உன்ர தோளுக்குப் பின்னால வந்து நிண்டு கை காட்டுறா. அவவுக்குத் தமிழ் விளங்காதுதான், எண்டாலும் என்ர முகம் விளங்கும்.

கொரோனாவால பால் வாங்க ஆளில்லை, கறந்த பாலைக் கழிவுத்தண்ணி ஓடுற கானுக்குள்ள ஊத்துறம், அரசாங்கம் பண்ணைகளுக்கு நிவாரணம் குடுக்காட்டி டோரத்தி மாடுகளை வித்திடுவா, பயிற்சிக்கு வந்த நானும் வீட்ட வரவேண்டியதுதான் எண்டு வைகாசியில அழுதாய். நானும் கவலைப்பட்ட மாதிரிக் காட்டினன், ஆனா உன்ர கட்டிலுக்குப் புது விரிப்பு வாங்கி வச்சிட்டன். பிறகு நீ, நிவாரணம் கிடைச்சா ஏழையளுக்குச் சாப்பிடப் பாண் குடுக்கிறதெண்டு கொச்சிக்கடை அந்தோனியாருக்கு நேர்த்தி வையுங்கோ எண்டு கெஞ்சினாய். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. கோயில் திறந்த உடன ஒரு செவ்வாய்க்கிழமை போனன். பண்ணை மூடட்டும், பிள்ளை வரட்டும் எண்டு கேக்கத்தான் போனனான், மெழுகுதிரி கொளுத்தினாப் பிறகு வாயில வந்தது நீ சொன்னதுதான். அந்தோனியாரும் சுணங்காமல் குடுத்திட்டார். "எங்கட பண்ணைக்குக் காசு வந்திட்டுது அம்மா" எண்டு துள்ளினாய். எங்கட பண்ணையாம்.

எனக்கு எரிச்சல்தான், ஒளிக்க என்ன இருக்கு. இங்க அரசாங்கம் வீட்டுக்கு வீடு கொரோனா நிவாரணம் ஐயாயிரம் ரூபா குடுக்கேக்க, வேலை செய்யிற கடை பூட்டி அப்பாவுக்குச் சம்பளமும் இல்லை. வந்த கிராம சேவகர் வாசலில நிண்டே, உங்கட மகன் அமெரிக்காவில தானே எண்டு சொல்லிப்போட்டு அடுத்த வீட்டுக்குப் போயிட்டார். அப்பா கனநாள் ஒருத்தரோடயும் முகம் குடுத்துக் கதைக்கேல்ல. அங்க அவவுக்கு மாடுகளுக்கும் காசு, என்ர பிள்ளையும் பக்கத்தில. நீ அங்க இருக்கிறாய் எண்டதால எனக்குக் காசும் இல்லை, நீயும் இல்லை. இது என்ன நியாயமெண்டு அந்தோனியாரையே கேட்டிட்டன்.

போன செவ்வாய் பாண் குடுத்து நேர்த்தியை முடிச்சன். பாண் வாங்கின மனுசி ஒருத்தி ஆருக்காக எண்டு கேட்டா, ஒரு வெள்ளைக்காரியின்ர மாடுகளுக்காக எண்டு சொல்ல ஏலுமே, மகனுக்கெண்டு சொன்னன்.

இன்னும் ஒரு வருசம் நிக்கட்டோ எண்டு கேட்டிருக்கிறாய். நில்லு. நான் மறிச்சா இங்க வந்து என்னை முறைச்சுக்கொண்டு இருப்பாய், அதைப் பாக்க எனக்கு ஏலாது. ஒண்டு மட்டும் சொல்லுறன். போன கிழமை கோல் கட் ஆக முன்னம் நீ டோரத்தியை "மாம்" எண்டு கூப்பிட்டது எனக்குக் கேட்டுது. பண்ணையில எல்லாரும் அவவை அம்மாவெண்டுதான் கூப்பிடுறது எண்டு சொல்லுவாய். எல்லாரும் கூப்பிடட்டும். நீ ஆன்ட்டி எண்டு கூப்பிடு, பேர் சொல்லிக் கூப்பிடு. அந்தச் சொல்லுக்கு நான் இங்க உயிரோட இருக்கிறன்.

குளிர் தொடங்கினதும் காதை மூடித் தொப்பி போடு, சாப்பாட்டை விட்டிடாத. முருகன் எப்பவும் உனக்குத் துணை நிக்கட்டும்.

உன்னைப் பெத்த அம்மா,
பத்மாவதி