நாட்காட்டியோடு போன மனு

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் தங்கையும் நன்றாக இருக்கிறோம். நீ நலமா என்று இந்த முறை கேட்கவில்லை, அதுதான் ரத்தப் பரிசோதனைச் சீட்டே சொல்லிவிட்டதே. நான் சொல்லச் சொல்லத் தங்கை எழுதுகிறாள், அதனால் என் பேச்சு கொஞ்சம் பாடப்புத்தகம்போல் இருக்கும், பொறுத்துக்கொள்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். உனக்கு ஹெபடைடிஸ் சி என்றதும், காமாலைதானே என்று நினைத்து, உப்பும் எண்ணெயும் இல்லாத சாப்பாடு கொடுக்கச் சொல்லி சிறை அலுவலகத்துக்கு மனுப் போட்டது நான்தான். அவர்களும் உடனே சரியென்று கோப்பை மூடிவிட்டார்கள். இது எந்தப் புண்ணியவான் வேலை என்று திட்டி எழுதியிருந்தாயே, அந்தப் புண்ணியவதி உன் அம்மாதான். பிறகு தங்கை நூலகத்தில் படித்துச் சொன்னாள், இதற்குப் பத்தியம் மருந்தில்லை, பன்னிரண்டு வாரம் மாத்திரை சாப்பிட்டால் கிருமி பெரும்பாலும் அடியோடு போய்விடுமாம். இரண்டு பேருந்து மாறிச் சிறை மருத்துவரைப் பார்த்தேன். அன்று உன்னைப் பார்க்கும் நாள் இல்லை. விடுதலைக்கு ஆறு மாதம்கூட இல்லாதவர்களுக்கு மாத்திரை தொடங்குவதில்லை, அதுதான் விதி என்றார். தங்கை கொடுத்தனுப்பிய நாட்காட்டியை அவர் மேசையில் விரித்தேன். "ஐயா, அவனுக்கு இன்னும் இருபது வாரம் இருக்கு. மாத்திரைக்குப் பன்னிரண்டு. மிச்சம் எட்டை நீங்களே வச்சுக்குங்க" என்றேன். சிரித்துவிட்டார், ஆனால் ஒருத்தி கேட்டால் விதி மாறாது என்றார். மனுச் சன்னலில் என் பின்னால் நின்ற தையல்காரம்மா மகனுக்கும் இதே கதை. அவள் சிறை இருக்கும் ஊர்க்காரி, மூன்று வாரத்தில் ஒன்பது தாய்மாரிடம் கையெழுத்து வாங்கிவிட்டாள். அந்த மனுவோடு நாட்காட்டியையும் சேர்த்துக் கொடுத்தோம். நேற்றுப் பதில் வந்தது: பன்னிரண்டு வாரம் மிச்சமிருக்கும் எல்லோருக்கும் மாத்திரை உண்டு, வேறு சிறைக்கு மாற்றினாலும் மாத்திரை கூடவே வரும்.

இனி எல்லாம் உன் கையில். திங்கட்கிழமை செவிலியர் சம்மதப் படிவத்தோடு வருவார். வெளியே வந்து பார்த்துக்கொள்கிறேன் என்று வீம்பு பிடிக்காமல் கையெழுத்துப் போடு. இப்போது இருப்பது பதினாறு வாரம், இன்னும் தள்ளிப்போட்டால் நாட்காட்டி நம் பக்கம் பேசாது. கூட இருப்பவர்கள் கேலி செய்தால் அவர்களையும் பரிசோதித்துக்கொள்ளச் சொல். சவரக் கத்தியை யாருக்கும் கொடுக்காதே, யாரிடமும் வாங்காதே. வீட்டுக்கு வந்தால் எனக்குத் தனித் தட்டு வையுங்கள் என்று எழுதியிருந்தாய். சேர்ந்து சாப்பிட்டால் ஒட்டாதுதானே என்று மருத்துவரிடம் இரண்டு தடவை கேட்டுவிட்டேன். மூன்று தட்டும் ஒன்றாகத்தான் அடுக்கியிருக்கிறது, நடுவில் உன்னுடையது.

உடம்பு தேறி, நிமிர்ந்த தலையோடு வீடு வந்து சேர வாழ்த்துகிறேன். கையெழுத்துப் போட்டதும் ஒரு வரி எழுது. உப்புக்கும் மனுக் கொடுத்துவிட்டேன்.

உன் வரவுக்கு வாரம் எண்ணும்,
அம்மா