ஏரிக்கரை மேட்டு நிலமும் என் கையெழுத்தும்

12.6.2024, புதன்

இன்றைக்கு மட்டும் நான்கு சட்டக் கருத்துரை. நான்காவதை முடிக்கும்போது மணி மூன்றரை, இன்னும் சாப்பிடவில்லை. செவிலிமேட்டுப் பக்கம் மனை போட்டு விற்கிற ஒருவன், போன வருடம் வரை ஸ்கூட்டரில் வந்தவன், கார்ச் சாவியை மேசை மேல் வைத்துவிட்டு, "சீக்கிரம் மேடம், பேங்க்ல வெயிட் பண்ணிக்கினு இருக்காங்க" என்கிறான். மூலப் பத்திரத்திலிருந்து பட்டா வரை அலசி, சொத்து சுத்தம் என்று கையெழுத்துப் போடுவது நான். அதை நம்பித்தான் பேங்க் கடன் கொடுக்கிறது, ஜனம் வீடு கட்டுகிறது. அவனுக்குக் கார். எனக்கு முதுகுவலி.

நாற்பத்தி நாலு வயது. பதினெட்டு வருட வக்கீல். இந்தத் தாலுகாவில் எந்த நிலத்துக்கு என்ன சிக்கல் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஏன் நானே ஒரு மனைப்பிரிவு போடக் கூடாது?

எழுதிப் பார்த்தால் அப்படியொன்றும் பைத்தியக்காரத்தனமாகத் தெரியவில்லை.

13.6.2024

வரதராஜனிடம் சொன்னேன். ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டே ஒன்றுதான் கேட்டார்: "அப்போ கோட்டைக் கழட்டிடுவியா?"

என் வீட்டுக்காரருக்கு மட்டும் எங்கே குத்த வேண்டும் என்று தெரியும்.

1.7.2024, திங்கள்

இன்றுமுதல் புதுக் குற்றவியல் சட்டங்கள். கோர்ட் வளாகம் முழுக்க அதே பேச்சு. நான் சிவில் ஆள், எனக்கு வேறொரு விதிதான் உறுத்துகிறது. வக்கீலாக இருப்பவர் தானே வியாபாரம் நடத்தக் கூடாது. நடத்தினால் சன்னதை, அதாவது வக்கீல் உரிமத்தை, நிறுத்தி வைக்கும்படி பார் கவுன்சிலுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். விண்ணப்பம் தயார். மேரிதான் டைப் அடித்தாள். எட்டு வருடமாக என் டைப்பிஸ்ட். "நெஜமாவா மேடம்?" என்றாள். "பாக்கலாம்" என்று டிராயரில் போட்டேன்.

நிலம் அமைந்துவிட்டது. தாமல் ஊர் வீரபாகு அண்ணன், என்னிடம் பல வருடமாக வழக்குக் கொடுப்பவர், அவராகவே வந்தார். ஏரிக்கரை மேட்டில் இரண்டே முக்கால் ஏக்கர். "நெலம் என்னுது, சட்டம் உங்களுது. பாதிக்குப் பாதி. சரியா வக்கீலம்மா?"

சர்வே எண்ணைக் கேட்டதும் சிரித்துவிட்டேன். 2016-இல் அவர் கடன் வாங்க, இதே நிலத்துக்கு நானே கருத்துரை கொடுத்திருக்கிறேன். ஃபைலை எடுத்தேன். முப்பது வருட வில்லங்கம் பார்த்து, "உரிமை தெளிவானது, விற்கத்தக்கது." கீழே என் கையெழுத்து. இனி என்ன தேடல் வேண்டிக்கிடக்கிறது? ஒரு மாத வேலை மிச்சம்.

29.7.2024

பிரசுரம் அச்சாகி வந்தது. "ஏரிக்காற்று வீசும் அத்தி நகர். வக்கீல் போடும் மனைப்பிரிவு, வில்லங்கத்துக்கு இடமே இல்லை." இரண்டாவது வரி என் யோசனை. சன்னதை நிறுத்தாமல் வெளியே விட முடியாது, கட்டுக்கட்டாக அலமாரியில் அடுக்கியாயிற்று. ஆனாலும் ஒன்றை உருவி மூன்று தடவை படித்தேன். வெட்கம்தான்.

19.8.2024, திங்கள்

கூட்டு ஒப்பந்தம் டைப் ஆகிக்கொண்டிருந்தது. சொத்து விவரத்தில் நான்கு எல்லைகளைச் சொல்லிக்கொண்டே வந்தேன். கிழக்கே ஏரிக் கால்வாய், வடக்கே வண்டிப்பாதை, மேற்கே கல்லாங்குத்து... மேரியின் கை நின்றுவிட்டது.

"மேடம், இந்த நாலு எல்லைக்குள்ளதான் எங்க தாத்தா கேவுரு போட்டாராம். எங்கப்பா காட்டிக்கினே இருப்பாரு."

அவசரத்தில் இருந்தேன். "எல்லாருக்கும் ஒரு தாத்தா நெலம் இருக்குதும்மா. அடி" என்றேன்.

அடித்தாள்.

20.8.2024

நாற்பது பக்கத்தில் ஒரு பிழைகூட இல்லை. வழக்கமாக நாலைந்து இருக்கும், நான் திட்டுவேன், அவள் சிரிப்பாள். இன்றைக்குத் திட்ட எதுவுமில்லை. அதுவே என்னவோ போலிருக்கிறது.

6.9.2024, வெள்ளி

சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் போனேன். இல்லை, பொய். பதினெட்டு நாளாக அந்தத் தாத்தா தொண்டையில் சிக்கிய முள்ளாக இருந்தார்.

பழைய அ-பதிவேடு. கிராமத்தின் ஒவ்வொரு சர்வே எண்ணும் அன்றைக்கு யாருடையது, என்ன வகை என்று எழுதிய புத்தகம். தொட்டாலே உதிரும் தாள். எங்கள் எண்ணுக்கு நேராக ஆறு பெயர்கள். நான்காவது, சி. யாக்கோபு. மேரியின் அப்பாவுக்கு இனிஷியல் ஒய். குறிப்புக் கட்டத்தில் சிவப்பு மையில் இரண்டே எழுத்து: டி.சி., டிப்ரஸ்டு கிளாஸ்.

பஞ்சமி நிலம்.

நூறு வருடத்துக்கு முன் சொந்தமாக ஒரு குழிகூட இல்லாதிருந்த சேரி ஜனங்களுக்கு சர்க்கார் கொடுத்தது. வேறு சாதிக்காரர்களுக்கு விற்கக் கூடாது, விற்றாலும் செல்லாது. சட்டக் கல்லூரியில் முதல் வருடமே படித்தது. 1961-இல் வீரபாகுவின் தாத்தா பெயருக்கு விற்பனைப் பத்திரம். அதன் பிறகு எல்லாம் வழுவழுவென்று சுத்தம். முந்தியின் ஜரிகையை மட்டும் பார்த்துப் புடவையைக் கட்டச் சொன்ன மாதிரி, 2016-இல் முப்பது வருடத்தை மட்டும் பார்த்தேன். இந்தத் தடவை அதையும் பார்க்கவில்லை. என் கையெழுத்தை நானே நம்பிவிட்டேன். வேறொரு வக்கீல் போட்ட கையெழுத்தாக இருந்திருந்தால் பிரித்து மேய்ந்திருப்பேன்.

7.9.2024

விநாயகர் சதுர்த்தி. கொழுக்கட்டை உப்புக் கரித்தது. வரதராஜன் இரண்டு சாப்பிட்டுவிட்டு ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தார்.

10.9.2024, செவ்வாய்

வீரபாகு அண்ணனிடம் நகலைக் காட்டினேன். கத்துவார் என்று நினைத்துப் போனேன். மோர் கொடுத்தார்.

"எங்க தாத்தா காசு குடுத்துதானேம்மா வாங்கினாரு? புடுங்கிக்கினாரா? கைநாட்டு இருக்குது பத்திரத்துல."

"அவங்க விக்கவே முடியாத நிலம் அண்ணே. அந்தப் பத்திரம் செல்லாது."

"2016-ல செல்லுச்சே?"

அவர் நிதானமாக வேர்க்கடலையை உரித்துக்கொண்டே பேசினார். "பட்டா என் பேர்ல இருக்குது. பழைய புஸ்தகத்த எவன் தொறக்கறான்? திங்கக்கெழம அப்ரூவலுக்கு ஃபைல் போவணும். வழக்கம்போல ஒரு கருத்துரை போட்டுக் குடுங்க. தப்புன்னு இப்போ சொன்னா உங்க பேருதான் நாறும். உங்க கையெழுத்தக் காட்டிதான் லோன் வாங்கினேன், மறந்துடாதீங்க. நான் மாட்டினா தனியா மாட்ட மாட்டேன் வக்கீலம்மா."

வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

11.9.2024

கிழித்துப் போட்டுவிடலாம். நகல் என்கிட்டதான் இருக்குது. யார் கேட்கப்போறாங்க? —பேங்க் வக்கீல் பேனலிலிருந்து தூக்கிவிட்டால் என்ன பண்ணுவேன்? எல்லாக் கருத்துரையையும் தோண்டுவாங்க. பதினெட்டு வருஷம்! ஒரு கடுதாசில போயிடும்.

எனக்குப் பயமா இருக்குது. இதை எழுதவும் பயமா இருக்குது.

மேரி இன்று டீ வாங்கி வந்து வைத்தாள். ஏன் அவள் ஒன்றும் கேட்பதில்லை?

15.9.2024, ஞாயிறு

நாளை திங்கள்.

16.9.2024, திங்கள்

காலை பத்து மணி. ஃபைல் மேசை மேல். கருத்துரை தயார், 2016-இன் வாசகம் அப்படியே. மேரி அடித்தது. பேனாவைத் திறந்துவிட்டேன். வீரபாகுவின் ஆள் வெளியே வண்டியை நிறுத்தாமல் உறுமவிட்டுக்கொண்டே நின்றான்.

அவளைக் கூப்பிட்டேன். அ-பதிவேட்டு நகலைத் திருப்பி வைத்தேன். யாக்கோபு என்ற பெயரில் விரலை வைத்தாள். எடுக்கவில்லை. அழுவாள், நன்றி சொல்வாள் என்று மனசுக்குள் ஒரு படம் ஓட்டி வைத்திருந்தேன், என் புத்தி அப்படி.

"2016-லயே தெரியும் மேடம். அப்பவும் நான்தான் அடிச்சேன்."

"ஏன் சொல்லல?"

"வேலைக்குச் சேர்ந்து நாலு மாசம். சொன்னா வேல இருக்குமா?" இப்போதுதான் விரலை எடுத்தாள். "இந்த வாட்டி சொன்னேனே. என்ன சொன்னீங்க?"

நான் சொன்னது எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

தயாராக இருந்த கருத்துரையை நான்காகக் கிழித்தேன். வெளியே போய் அந்த ஆளிடம், "கையெழுத்து இல்லன்னு சொல்லுப்பா" என்றேன்.

19.9.2024

இரண்டு பதிவுத் தபால். ஒன்று வீரபாகுவுக்கு, ஒப்பந்தத்தை முறித்துக்கொள்கிறேன் என்று. மற்றொன்று பேங்குக்கு, 2016 கருத்துரை தவறானது, திரும்பப் பெறுகிறேன் என்று. இரண்டாவதை மேரியிடம் கொடுக்கவில்லை. நானே ஒற்றை விரலால் தட்டினேன். ஏழு பிழை.

4.10.2024

பேனலிலிருந்து என் பெயர் நீக்கம். மூன்று வரிக் கடிதம். மேரி வேலையை விட்டுவிட்டாள். ஆறு குடும்பமும் சேர்ந்து கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கிறார்கள். "உங்ககிட்ட சம்பளம் வாங்கிக்கினு உங்களையே சாட்சிக்குக் கூப்பிட்டா எதிர் வக்கீலு சும்மா விடுவாரா மேடம்?" இதையெல்லாம் எப்போது கற்றுக்கொண்டாள்? என் முன்னால் உட்கார்ந்துதான்.

கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

25.11.2024, திங்கள்

கோட்டாட்சியர் விசாரணை. கோட்டு இல்லாமல் போனேன், சாட்சிக்கு எதற்குக் கோட்டு? எதிர்த்தரப்பில் காசிநாதன், என்னோடு ஒரே வருடம் பதிவு செய்தவன், கான்டீனில் என் டிபனைப் பிடுங்கித் தின்றவன். என் பழைய கருத்துரையை நீட்டினான்.

"இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா."

"உரிமை தெளிவானதுன்னு எழுதியிருக்கீங்க. இன்னைக்கு இல்லன்றீங்க. எது பொய்?"

"அது" என்றேன், என் கையெழுத்தைக் காட்டி. "முப்பது வருஷத்துக்கு மேல நான் பாக்கல. பாத்திருக்கணும்."

கோட்டாட்சியர் நிமிர்ந்து பார்த்தார். எழுதிக்கொண்டார். வீரபாகு என்னைப் பார்க்கவேயில்லை, அதுதான் பயமாக இருந்தது. மேரி பின்வரிசையில் ஆறு குடும்பத்தோடு நின்றாள். வெளியே வந்ததும் காசிநாதன், "உன் தலையில நீயே மண்ண வாரிப் போட்டுக்கினியே கலாவதி" என்றான். திட்டுகிற குரல் இல்லை. அதனால்தான் ஆட்டோவில் அழுதேன்.

9.12.2024

யாரோ அலுவலகப் பலகை மேல் சாணி அடித்திருக்கிறார்கள். கழுவினேன். பெயர் இருக்கிறது, நாற்றம் போகவில்லை.

17.1.2025

உத்தரவு வரும்வரை அந்த சர்வே எண்ணில் எந்தப் பத்திரமும் பதியக் கூடாது என்று தடை. வெற்றி என்று சொல்ல முடியாது. இன்னும் எத்தனை வருடமோ. ஆனால் அத்தி நகர் வராது. பிரசுரக் கட்டைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டேன். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன், எனக்குக் கொழுப்பு ஏறும்போது படிக்க.

14.3.2025, வெள்ளி

அலுவலகத்தில் நானும் மின்விசிறியும். இந்த மாதம் ஒரு ஃபைல்கூட வரவில்லை. சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸ் வாசலில் என்னைப் பார்த்தால் புரோக்கர்கள் பேச்சை மாற்றுகிறார்கள்.

செவிலிமேட்டில் அப்பா எனக்கு எழுதிவைத்த அறுபது சென்ட் சும்மா கிடக்கிறது. வரதராஜன்தான் எடுத்துக் கொடுத்தார்: "ஊரு நெலத்துக்கு ஆசைப்பட்டியே, நம்ம நெலம் என்ன பண்ணுச்சு?" எட்டு மனை வரும், சாலைக்கு விட்டது போக. பழைய அ-பதிவேடு, தாத்தாவின் பத்திரம் எல்லாம் ஒன்றரை மாதம் அலைந்து எடுத்தாயிற்று. அப்பா நிலம்தானே என்று விடவில்லை.

டிராயரைத் திறந்தேன். மேரி போன வருடம் அடித்த சன்னது விண்ணப்பம், தேதி மட்டும் எழுத வேண்டியிருந்தது. எழுதித் தபாலில் சேர்த்தேன். திரும்பி வந்து கோட்டை உதறி, மடித்து, பழைய தலையணை உறைக்குள் வைத்தேன். வைக்கும்போது பையில் ஒரு சாக்பீஸ் துண்டு. எப்போதிலிருந்து கிடக்கிறதோ தெரியவில்லை.

10.9.2025, புதன்

அனுமதி வந்துவிட்டது. முதல் மனைக்கு ஆள் வந்தாயிற்று, பள்ளிக்கூட டீச்சர் சுகாசினி. பத்திரம் எங்கே அடிக்கலாம் என்று கேட்டாள். சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸுக்கு எதிரில் ஒரு கடை இருக்கிறது, பிழையே வராது என்றேன்.

மேரியின் கடை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், வாடிக்கைக்காரர்களுக்கு இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. ஒன்றில் சுகாசினி, ஒன்றில் நான். "தாமல் என்னாச்சு?" என்றேன். "பதினெட்டாம் தேதி வாய்தா மேடம்" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பத்திரம், பட்டா, அனுமதி எல்லாவற்றையும் நீட்டினேன். வாங்கிப் புரட்டினாள். கை நின்றது.

"பழைய அ-பதிவேட்டு நகல் எங்க மேடம்? அதப் பாக்காம நான் அடிக்கறதில்ல."

"என் அப்பா நெலம் மேரி" என்று வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டு, பையிலிருந்து நகலை எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக, விரலை வைத்து, என் தாத்தா பெயரையும் குறிப்புக் கட்டத்தையும் இரண்டு தடவை படித்தாள். இருபது நிமிடம். சுகாசினி மணியைப் பார்த்தாள்.

பிறகு காகிதத்தைப் பக்கத்தில் நிமிர்த்தி வைத்து, "சொல்லுங்க மேடம், நாலு எல்லை" என்றாள்.