வெறுந்தூக்கு

முதலியார்பேட்டை
20 ஜனவரி 2025

அன்புள்ள அக்கா,

உன் கைப்பேசியில் என் எண்ணை அடைத்துவிட்டாய். அதனால் காகிதம். அம்மாவாசை அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன், அவர் ஆட்டோ உன் தெரு வழியாகத்தான் போகிறது.

பொங்கல் அனுப்பிய தூக்கு திரும்பி வந்தது. வெறுந்தூக்கு. கழுவித் துடைத்து, ஒரு கல் உப்புகூட இல்லாமல். நம் வீட்டில் யாரும் யாருக்கும் அப்படி அனுப்பியதில்லை. மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வாய்க்காலில் உன் உளுவை மீன்கள் செத்து மிதந்ததற்கு எங்கள் குடியிருப்பின் சுத்திகரிப்பு நிலையம் காரணமில்லை. நூற்றிருபது வீட்டுக் கழிவுநீர். தொட்டியில் தேக்கி, காற்றடித்து, தெளியவைத்துத்தான் வாய்க்காலில் விடுகிறேன். வேறெங்கிருந்தோ வந்திருக்கும்.

மாமாவுக்கு முதுகு எப்படி இருக்கிறது?

உன்
செல்வி

*

கழிமுகம்
23 ஜனவரி

செல்விக்கு,

மாமாவுக்கு முதுகு இருக்குது. உளுவதான் இல்ல.

வேறெங்கிருந்தோன்னு எழுதியிருக்க. போகி சாயங்காலம் வாய்க்கா நாறவே இல்ல. அதான் எனக்கு பக்குன்னுச்சு. ஆஸ்பத்திரி தரையாட்டம் வாசம். பதினோரு வருசமா இடுப்புல பறிக்கூட கட்டிக்கிட்டு அந்தத் தண்ணியில கையால தடவி மீன் புடிச்சு விக்கிறவ நான். எனக்குத் தெரியாதா? நீ படிச்சவ. ஒன் ஜாடியில தண்ணி தெளியுதான்னு வெச்சுப் பாரு.

தூக்க வெறுமனேதான் அனுப்பினேன். போடறதுக்கு என்ன இருந்துச்சு?

பாக்யலட்சுமி

*

முதலியார்பேட்டை
2 பிப்ரவரி

அக்கா,

தொட்டி நீரை ஒரு லிட்டர் ஜாடியில் ஊற்றி அரைமணி நேரம் அசைக்காமல் வைப்பேன். பழுப்புக் கசடு அடியில் இறங்கும். மேலே தெளியும். அந்தக் கசடுதான் உயிர். அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர்.

போன கடிதம் எழுதியபோதே ஜாடி கலங்கித்தான் நின்றது. பார்த்தேன். எழுதவில்லை.

செய்தது நான். போகிக்கு வீட்டோடு கழிப்பறையையும் கழுவுங்கள் என்று வீட்டுக்கு ஒரு பொட்டலம் பிளீச்சிங் பவுடர் கொடுத்தேன். நூற்றிருபது பொட்டலம். ஒரே காலை. எல்லாம் என் தொட்டிக்கு வந்து, அங்கிருந்து உன் வாய்க்காலுக்கும் போனது. நுண்ணுயிரைக் கொன்றுவிட்டு அதைச் சுத்தம் என்று நினைத்தேன்.

குடியிருப்புக் கூட்டத்தில் எழுந்து சொல்லிவிட்டேன். வெளிக்குழாயை மூடியாயிற்று. கழிவுநீர் தினமும் லாரியில் போகிறது. வேறொரு நிலையத்திலிருந்து இரண்டு டிரம் கசடு வாங்கி ஊற்றினேன். காலையில் சாணக் கரைசலும் வெல்லமும். மூன்றாம் வீட்டு தெரேஸ் மதாம் எட்டிப் பார்த்தார். “எனக்கே இனிப்பு கூடாதுன்னுட்டாங்க. ஒன் பூச்சிக்கு வெல்லமா?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். பிறகு உன் வெறும் பறி நினைவுக்கு வந்தது.

செல்வி

*

முதலியார்பேட்டை
9 மார்ச்

அக்கா,

பதில் இல்லை. ஏன் என்று நான் கேட்கவும் இல்லை.

ஜாடி தெளிந்துவிட்டது. அரைமணி நேரத்தில் கால்பங்கு கசடு. மேலே கண்ணாடி போலத் தண்ணீர். ஒரு வாரம் தினமும் பார்த்தேன், நம்பாமல். நேற்று குழாயைத் திறந்தோம்.

இனி என்ன வாசம் வந்தாலும் எனக்கு முதலில் சொல். வாசமே இல்லாவிட்டாலும்.

செல்வி

*

கழிமுகம்
6 ஏப்ரல்

அடியே செல்வி,

சொல்ல ஒண்ணும் இல்லாம எப்படி எழுதறது? அதான் எழுதல.

போன வாரம் பறியில நாலு உளுவ. நேத்து இருபத்தஞ்சுக்கு மேல. வித்தது போக கொழம்பு வெச்சு தூக்குல அனுப்பியிருக்கேன். மாமா ரெண்டு வாட்டி வாங்கிப் போட்டுக்கினாரு. முள்ளு பாத்துத் தின்னு. நீ எதையாச்சும் யோசிச்சிக்கினே முழுங்குவ.

போன்ல ஒன்ன எப்படித் தொறக்கறதுன்னு தெரியல. அடைச்சுக் குடுத்தது எழிலரசன்தான். புள்ள காலேஜ் விட்டு வரட்டும்.

தூக்க வெறுமனே அனுப்பாத. ஒன் தொட்டியில தெளிஞ்ச தண்ணி ஊத்தி அனுப்பு. குடிக்கறதுக்கு இல்லடி, அந்த அளவுக்கு ஒன்ன நம்பல. வாசல்ல கனகாம்பரம் வாடுது.

மூடிய அழுத்தி மூடு. அம்மாவாச ஓட்டற ஓட்டத்துக்கு பாதி சிந்திடும்.

ஒன் அக்கா
பாக்யம்