புதுப்பிக்காத சலுகை அட்டை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. உன் இருமல் குறைந்ததா? இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதித்தான் எனக்குப் பழக்கம், இந்த முறை கை வரவில்லை. உன் அண்ணன் வந்து சமையலறைக் குழாயைச் சரிசெய்தான், மறுநாளே ஒழுக ஆரம்பித்துவிட்டது, அவன் வேலை எப்போதும் அப்படித்தானே. மாடி வீட்டுத் தையல்காரர் உன்னை விசாரித்தார். எப்போதும் எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டிவிட்டுத்தான் உறையில் போடுவேன், இதைக் காட்டப்போவதில்லை, தபால் நிலையத்திலேயே உட்கார்ந்து எழுதுகிறேன்.

அம்மாவின் ரயில் சலுகை அட்டை உனக்குத் தெரியும், நோயாளிக்கும் கூட வருபவருக்கும் பாதிக் கட்டணம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவமனைப் படிவம் கொடுத்துப் புதுப்பிக்க வேண்டும். சலுகை என்றால் உன் அப்பன் எப்படிப்பட்டவன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, பதிமூன்று வயதில் உன்னைப் பதினொன்று என்று சொல்லிக் குறுகி உட்காரவைத்தவன். அம்மா எனக்கு அரை டிக்கெட் என்றே பெயர் வைத்திருக்கிறாள். போன மாதம் டாக்டர், இனி இவ்வளவு தூரம் அலைய வேண்டாம், வீட்டிலேயே ஓய்வாக இருக்கட்டும் என்றார். உடம்பு தேறுகிறது, அதனால் கொஞ்ச நாள் இடைவெளி விடுகிறார் என்று நான் எடுத்துக்கொண்டேன். அதற்குள் அட்டை காலாவதியாகிவிடக் கூடாதே என்று படிவத்தில் அவர் கையெழுத்தை வாங்கிக்கொண்டு, செவ்வாய்க்கிழமை ரயில் நிலையத்துக்குப் போனேன். எந்தக் காகிதத்தையும் இரண்டு தடவை படிக்காமல் நீட்டாதவன், அன்றைக்கு சந்தோஷத்தில் அப்படியே நீட்டிவிட்டேன்.

ஜன்னலுக்குள் இருந்த பெண், சிகிச்சை தொடர்கிறதா என்ற இடத்தில் இல்லை என்று எழுதியிருப்பதைக் காட்டி, புதுப்பிக்க முடியாது என்றாள். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. முப்பத்திரண்டு வருஷம் ஆபீசில் படிவம் சரிபார்த்தவன் நான், டாக்டர் அவசரத்தில் மாற்றி எழுதிவிட்டார், வேண்டுமானால் போன் போட்டுக் கேள் என்று வரிசையே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். அவளும் கேட்டாள். போனை வைத்துவிட்டுப் பக்கத்துக் கதவு வழியாக வெளியே வந்து என்னைப் பெஞ்சில் உட்காரவைத்தாள். அய்யா, டாக்டர் தப்பா எழுதலை, இனிமே மருந்துக்குக் கேக்காதுன்னுதான் அன்னைக்கு அப்படிச் சொன்னாராம், உங்களுக்குப் புரிஞ்சிருக்கும்னு நெனச்சாராம் என்றாள். உன் வயதுதான் இருக்கும். கத்தியதற்கு அவளிடம் மன்னிப்புக்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து, அட்டை புதுப்பிக்க நாளாகும், இப்போதைக்கு மருத்துவமனை இல்லை என்று அம்மாவிடம் சொன்னேன். கார்டு இல்லாட்டி என்ன, முழு டிக்கெட் எடுத்தா வண்டியில ஏத்த மாட்டாங்களா என்று கேட்டாள். நான் எழுந்துபோய் ஒழுகும் குழாய்க்கடியில் வாளியை மாற்றி வைத்தேன். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மருத்துவமனைப் பையைத் திறந்து துண்டையும் டம்ளரையும் எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு, பையை உதறி மடித்தாள். அதற்கப்புறம் அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை, இரண்டு பேரும் குழாய் ஒழுகுவதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். எனக்குப் பயமாக இருக்கிறது கண்ணு.

இரண்டு மாதம் கழித்து, விடுமுறைக் கட்டணச் சலுகை ஆரம்பித்ததும் வருகிறேன் என்று எழுதியிருந்தாய். கெட்டிக்காரி என்று நானும் பதில் போட்டேன். அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு. முழுக் கட்டணம் கொடுத்து, கிடைக்கிற முதல் ரயிலில் ஏறி வா. வழியில் பட்டினி கிடக்காதே, கம்பளியை மறக்காதே. நீ எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், அம்மாவும் அதையே சொல்வாள்.

ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். வந்ததும் டிக்கெட் எவ்வளவு என்று அம்மா கேட்பாள். பாதிக் கட்டணம்தான் என்று சொல். முழுக் கட்டணம் கொடுத்து வரச்சொல்லி நான் எழுதினேன் என்று தெரிந்தால், அவளுக்கு மிச்சமும் புரிந்துவிடும்.

இப்படிக்கு,
உன் அப்பா